உங்களுக்கு எதுவோ, எனக்கும் அதுவே!

உயிருக்குயிராக நேசிக்கவும் வேண்டும். அதில் நம்மை நாமே தொலைத்துவிடவும் கூடாது. ஒரே வீட்டில் இரண்டும் நடக்குமா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சைவ ஹோட்டல். குடும்பம் குடும்பமாகக் கூட்டம். ஒரு மேஜையில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சர்வர் வந்ததும் கணவர், “எனக்கு ஒரு நெய் ரோஸ்ட்” என்கிறார். பெண் பரோட்டா கேட்கிறாள். சின்னவனுக்கு மசால் தோசை. “உங்களுக்கு என்னம்மா?” என்று சர்வர் திரும்பினால், அந்த அம்மா மெனு கார்டைத் தொடுவதுகூட இல்லை. “இவன் எப்படியும் பாதி மிச்சம் வைப்பான், நான் அதைச் சாப்பிட்டுக்கிறேன். ஒரு காபி மட்டும் கொண்டு வாங்க.”

தமிழ்நாட்டில் எந்த ஊர் ஹோட்டலில் உட்கார்ந்தாலும் காதில் விழக்கூடிய பேச்சுதான். அந்த அம்மாவிடம் கேட்டால், “எனக்கு எல்லாமே பிடிக்கும்” என்பார். அது பொய்யுமில்லை, பெரிய தியாகமுமில்லை. தனக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்டுப் பல வருஷமாகிறது. ஒரு கட்டத்தில் அவரே தன்னைக் கேட்டுக்கொள்வதை விட்டுவிட்டார். அவ்வளவுதான்.

மிச்சத் தோசையில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் இதே வழக்கம் எந்தப் படம், எந்த ஊர், யார் வீட்டு விசேஷம், வேலைக்குப் போவதா வேண்டாமா என்று ஒவ்வொன்றாகப் பரவும். ஐம்பது வயதில் ஒரு மத்தியானம், பிள்ளைகள் வெளியூரில், கணவர் ஆபீஸில். வீடு காலி. ‘இப்ப நான் என்ன செய்யணும்?’ என்று யோசித்தால் பதில் வருவதில்லை.

இந்த விஷயத்தில் நமக்கு இரண்டு விதமான உபதேசங்கள் கிடைக்கின்றன. பழைய சினிமா, ‘உன்னில் நான் கரைந்துபோவதுதான் காதல்’ என்கிறது. இன்றைய ரீல்ஸ், ‘யாருக்காகவும் உன்னை விட்டுக்கொடுக்காதே, உன்னை மட்டும் பார்’ என்கிறது. எதிரெதிராகப் பேசுவதுபோலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: அன்பும் சுயமும் தராசின் இரண்டு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். அந்த நம்பிக்கையே தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை. அன்பு கூடுவதால் யாரும் தொலைவதில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடுவதால்தான் தொலைகிறார்கள்.

சுவர் மெல்லிசாக இருந்த வீடு

ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தேவாலயம். 1840 செப்டம்பர் 12 அன்று அங்கே கிளாரா வீக்குக்கும் ராபர்ட் ஷூமனுக்கும் கல்யாணம் நடந்தது. மறுநாள்தான் கிளாராவுக்கு 21 வயது. பெண்ணின் அப்பா அந்தக் கல்யாணத்தை அடியோடு எதிர்த்தார். அவர்தான் அவளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த குருவும். காதலர்கள் நீதிமன்றம் வரை போய் ஜெயித்த பிறகே தாலிப் பேச்சு என்கிற நிலைமை. அந்த நேரத்தில் ஐரோப்பாவில் பெயர் வாங்கியிருந்தவர் கிளாரா. சின்ன வயதிலிருந்தே ஊர் ஊராகக் கச்சேரி செய்தவர். ராபர்ட் இசையமைப்பாளர், ஆனால் மனைவி அளவுக்குப் பெயர் கிடையாது.

கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் பொதுவாக ஒரு டைரி தொடங்கினார்கள். ஒரு வாரம் அவர் எழுதுவார், அடுத்த வாரம் இவர். ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பார். நேரில் சொல்லத் தயங்குவதை அதில் எழுதிவிடலாம்.

வீட்டில் பியானோ இருந்தது. ஆனால் சுவர்கள் மெல்லிசு. ராபர்ட் இசையமைக்க உட்கார்ந்தால் வீட்டில் சத்தம் கூடாது. கிளாரா வாசித்தால் அவருடைய யோசனை கலைந்துவிடும். ஆகவே அவர் எழுதும் நாட்களில் இவர் வாசிக்க மாட்டார். நாள் முழுக்க ஒரு மணி நேரம்கூடச் சாதகம் செய்ய முடியவில்லை, கை பின்தங்கிப் போகிறது என்று கிளாரா அந்தப் பொது டைரியிலேயே எழுதினார். கணவர் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதினார். ராபர்ட்டும் மழுப்பவில்லை. எப்போதும் கற்பனையிலேயே இருக்கும் கணவனையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவளால் இசையமைக்க முடியவில்லை, அவள் மனதில் தோன்றும் நல்ல மெட்டுகள் இப்படி வீணாகின்றனவே என்ற வருத்தத்தை 1843-ல் அதே டைரியில் பதிவு செய்தார்.

வருத்தப்பட்டதால் சுவர் தடிமனாகிவிடவில்லை. பதினான்கு வருஷத்தில் எட்டுப் பிள்ளைகள். அதற்கு நடுவிலும் கிளாரா கச்சேரியை விடவில்லை. 1842-ல் கணவரை லைப்சிக்குக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் கோபன்ஹேகன் போய் வாசித்தார். 1844-ல் ரஷ்யப் பயணம். இந்த முறை ராபர்ட் கூடப் போனார். ‘கிளாராவின் புருஷன்’ என்ற இடம் அவருக்கு அவ்வளவு சுகமாக இல்லை. ஆனாலும் போனார்.

பிறகு டூசல்டோர்ஃப் நகரில் கொஞ்சம் பெரிய வீடு அமைந்தது. கணவருக்குத் தொந்தரவில்லாமல் கிளாரா வாசிக்க முதல்முறையாகத் தனியிடம் கிடைத்தது. வருஷக்கணக்கில் இசையமைக்காமல் இருந்தவர் 1853 கோடையில் அடுத்தடுத்துப் படைப்புகளை எழுதித் தள்ளினார். அதில் ஒன்று, ராபர்ட்டின் மெட்டு ஒன்றை எடுத்து அதன்மேல் தன் கற்பனையை விரித்து, அவருடைய பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுத்தது.

தனியிடம் கேட்பவர்களைப் பார்த்து ‘அன்பு குறைஞ்சுபோச்சு’ என்று முகம் சுளிக்கிறோம் இல்லையா? தனியிடம் கிடைத்த கிளாரா அதில் உட்கார்ந்து செய்த முதல் வேலைகளில் ஒன்று, கணவருக்குப் பரிசு எழுதியது. தூரம் தேடிப் போனவர் செய்கிற காரியமா இது?

அடுத்த வருஷமே ராபர்ட் மனநலம் குலைந்து ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றி மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள். 1856-ல் இறந்தார். கிளாரா அதற்குப் பிறகு நாற்பது வருஷம் வாழ்ந்தார். கச்சேரி செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். ராபர்ட்டின் இசையை மேடை மேடையாகக் கொண்டுபோனார். அவருடைய படைப்புகளைத் தொகுத்துப் பதிப்பித்தார். கைவசம் தன் தொழில் இருந்ததால்தான் அவருடைய பெயரையும் தூக்கிப் பிடிக்க முடிந்தது. ஆனால் கிளாரா பிறகு இசையமைத்தது மிகக் குறைவு. அந்தக் காலமும் சூழலும் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

காதலித்தால் ‘நான்’ சுருங்குமா?

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரனும் அவருடைய குழுவினரும் 1992-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். கேள்வித்தாள் எல்லாம் இல்லை. ஏழு படங்கள் மட்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு வட்டங்கள். ஒன்று நீங்கள், இன்னொன்று அவர். முதல் படத்தில் இரண்டும் தொட்டும் தொடாமல் நிற்கும். ஏழாவது படத்தில் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று. ‘உங்கள் உறவு இதில் எது?’ என்று தொட்டுக் காட்டினால் போதும்.

ஆரனின் கருத்துப்படி, இப்படி வட்டங்கள் கலக்கும் நெருங்கிய உறவு நம்மை விரிவாக்குகிறது. அதைச் சோதிக்க அவருடைய குழு கல்லூரி மாணவர்களிடம் பத்து வார காலத்தில் சில தடவை ஒரே கேள்வியைக் கேட்டது: ‘இன்று நீ யார்?’ மனதில் வருவதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். 1995-ல் வெளியான முடிவு சுவாரசியமானது. அந்த இடைவெளியில் காதலில் விழுந்தவர்கள் தங்களைப் பற்றி முன்பைவிட விதவிதமாக எழுதினார்கள், தன்னம்பிக்கையும் கூடியிருந்தது. அவளோடு பழகியதால் மலையேறப் பழகியவன், அவனால் இளையராஜா பாட்டு தாண்டி கர்னாடக சங்கீதம் கேட்கத் தொடங்கியவள் என்று நம் பக்கத்திலும் ஆள் உண்டு. காதல் ‘நான்’ என்பதில் புதிய அறைகளைத் திறக்கிறது.

அந்த விரிவுக்கு விலையும் உண்டு. 2010-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எரிகா ஸ்லாட்டரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, காதல் முறிந்தவர்களைப் பார்த்தது. பிரிவுக்குப் பிறகு ‘நான் எப்படிப்பட்ட ஆள்’ என்பதே அவர்களுக்குத் தெளிவில்லாமல் போயிருந்தது. அந்தக் குழப்பம்தான் வேதனையையும் கூட்டியது. ‘அவன் போனான்’ என்ற துக்கத்தோடு, ‘அவனோடு இருந்த நான் எங்கே?’ என்ற துக்கமும் சேர்ந்துகொள்கிறது. பிரேக்-அப் ஆன பையனைப் பார்த்து, “இதெல்லாம் ஒரு விஷயமாடா?” என்று தட்டிவிடுகிறவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

புதுக்கோட்டைப் பெண் கேட்ட வாக்குறுதி

நம் ஊருக்கு வருவோம். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. பெண்களுக்குப் பள்ளிக்கூடமே எட்டாக்கனியாக இருந்த காலத்தில், ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் வாங்கினார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண் வயதுக்கு வருவதற்கு முன்பே கல்யாணத்தை முடித்துவிடும் குடும்பங்கள் நிறைந்திருந்த அந்த நாளில், இவருக்கு 28 வயது நெருங்கியும் கல்யாணமாகவில்லை.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்தபோது முத்துலட்சுமி ஓர் உறுதிமொழி கேட்டார். எப்போதும் தன்னைச் சமமாக மதிக்க வேண்டும். தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார். பதிவுத் திருமணம் நடந்தது.

பிறகு நடந்ததெல்லாம் வரலாறு. முத்துலட்சுமி மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனார். 1927-ல் சென்னை மாகாணச் சட்டசபையில் அடியெடுத்து வைத்து, அதன் துணைத் தலைவரும் ஆனார். தேவதாசி முறைக்கு எதிராக அவையில் போராடினார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் பதவியைத் தூக்கி எறிந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லம் தொடங்கினார். புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த வலி, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது.

இத்தனைக்கும் கணவர் ஒரு வாக்குறுதி கொடுத்ததுதான் காரணம் என்று சொன்னால் அது முத்துலட்சுமியின் உழைப்பைக் குறைப்பதாகிவிடும். ஆனால் அந்த வாக்குறுதி எப்போது கேட்கப்பட்டது என்பது முக்கியம். மனஸ்தாபம் வந்து, பஞ்சாயத்து கூடி, “நான் என்ன அடிமையா?” என்று கத்தும் கட்டத்தில் இல்லை. உறவு தொடங்கும் முன்பே, நிதானமாக, நேருக்கு நேராக.

நம் கல்யாணப் பேச்சில் என்னென்ன பேசுகிறோம்? எத்தனை பவுன், எந்த மண்டபம், ரிசப்ஷனில் எத்தனை வகைச் சாப்பாடு என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். ‘வேலையை விடச் சொல்லமாட்டீங்களே?’, ‘எங்க அம்மாவுக்கு மாசாமாசம் பணம் அனுப்புவேன், சரியா?’, ‘குழந்தை எப்போன்னு யார் முடிவு பண்றது?’ என்பதையெல்லாம் கேட்டால், “பொண்ணு ரொம்பப் பேசுதே” என்கிறோம். பேசாமல் விட்டது எதுவும் காணாமல் போவதில்லை. பத்து வருஷம் கழித்துச் சண்டையாக வந்து நிற்கிறது.

வாயை மூடினால் உடம்பு தாங்குமா?

“சண்டை வேணாம்னு வாயை மூடிக்கிட்டேன்.” குடும்ப அமைதிக்கு நாம் சொல்லித்தரும் முதல் மருந்து இதுதான். அமெரிக்க உளவியலாளர் டேனா ஜாக், மனச்சோர்வில் இருந்த பெண்களோடு பேசியபோது இதே வழக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். உறவு கெட்டுவிடக்கூடாது என்பதற்காகத் தன் எண்ணத்தையும் கோபத்தையும் விழுங்கிவிடுவது. அதைப்பற்றி 1991-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் பல தலைமுறையாக நடக்கும் இதயநோய் ஆய்வு, டாக்டர்களுக்கு மனப்பாடம். அதன் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்த 3,600-க்கும் மேற்பட்ட ஆண் பெண்களைப் பத்து வருஷம் கவனித்து, எலைன் ஈக்கரும் குழுவினரும் 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணவரோடு சண்டை வரும்போது மனதில் உள்ளதைச் சொல்லாமல் அடக்கிக்கொண்ட பெண்கள் அந்தப் பத்து வருஷத்தில் இறக்கும் அபாயம், அப்படி அடக்காத பெண்களைவிட நான்கு மடங்கு இருந்தது. ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், சர்க்கரை போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படியே. ஆண்களிடம் இந்தத் தொடர்பு தெரியவில்லை. இது காரணத்தை நிரூபிக்கும் ஆய்வு கிடையாது, தொடர்பைத்தான் காட்டுகிறது. ஆனாலும் ‘பொறுத்துப் போ, எல்லாம் சரியாயிடும்’ என்று பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை நினைக்கலாம்.

ஆண்கள் தொலையும் விதம் வேறு

தன்னை இழப்பது பெண்களின் தனிச்சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்கள் வேறு வாசல் வழியாகத் தொலைகிறார்கள்.

ரிட்டயரான ஒரு சார் உங்கள் தெருவிலும் இருப்பார். உறவினர் யாருக்கு எப்போது கல்யாணம், எந்த டாக்டரிடம் போக வேண்டும், மாத்திரை எந்த டப்பாவில், மகனுக்கும் மருமகளுக்கும் என்ன மனஸ்தாபம், எல்லாமே மனைவி வழியாகத்தான் அவருக்குத் தெரியும். மகளுக்குப் போன் போட்டால், “இரு, அம்மாகிட்ட கொடுக்கிறேன்” என்பதோடு அவருடைய உரையாடல் முடிந்தது. அந்த அம்மா திடீரென்று போய்விட்டால் அவர் தனி மனிதராகக்கூட மிஞ்சுவதில்லை. காபித் தூள் எங்கே என்று தெரியாது என்பதைவிட, யாரிடம் போய் அழுவது என்று தெரியாது என்பதுதான் கொடுமை. உணர்ச்சி, உறவு, பேச்சு அத்தனையையும் ஒருத்தி தலையில் வைத்துவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருந்தார்.

இளவட்டம் தொலைவது செல்போனில். ‘பாஸ்வேர்டு கொடு, என்மேல நம்பிக்கை இருந்தா கொடுப்ப’, ‘லைவ் லொகேஷன் போடு’, ‘அவன் போட்டோவுக்கு ஏன் லைக் போட்ட?’ முதல் மாதத்தில் இது அக்கறை மாதிரி இனிக்கும். ஆறாவது மாதத்தில் அவள் ஸ்கூல் தோழிகள் குரூப்பிலிருந்து வெளியேறியிருப்பாள். அவன் சாயங்கால வாலிபாலை விட்டிருப்பான். இருவருக்கும் இருவர் மட்டுமே மிச்சம். பிறகு ஒருவர் மீது ஒருவருக்கு எரிச்சல் வந்தால் போய்ச் சொல்லவும் ஆளில்லை.

சாய்ந்துகொள்வது பலவீனமில்லை

அப்படியானால் யாரையும் நம்பாமல், யார் தோளிலும் சாயாமல் இருப்பதுதான் பத்திரமா? அதற்கும் ஆய்வு பதில் வைத்திருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் புரூக் ஃபீனி 2007-ல் வெளியிட்ட ஆய்வுக்காக ஜோடிகளை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தார். தேவைப்படும்போது தன்மேல் சாய்ந்துகொள்ளத் துணை இடம்கொடுத்தால், அந்த நபர் காலப்போக்கில் இன்னும் சுதந்திரமாக இயங்கினார். தானே செய்து முடிக்க வேண்டும் என்று நினைத்த காரியத்தை அவரே செய்து முடிக்கவும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ‘எப்பப் பாரு என்னையே கேக்காத’ என்று தட்டிவிடப்பட்டவர்களுக்கு அப்படி இல்லை.

நடைபழகும் குழந்தை அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இன்னும் நான்கடி எடுத்து வைக்கும். பெரியவர்களிடமும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

ஆழமான அன்புக்கும் விழுங்கும் அன்புக்கும் வித்தியாசம் இங்கேதான். சாய இடம் கொடுத்து, எழுந்து போகவும் விடுவது ஒன்று. சாயச் சொல்லிவிட்டு எழவே விடாதது இன்னொன்று.

வீட்டில் செய்ய வேண்டியது

நேரம்: மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரத்தைச் சமையலறையிலும் துவைக்கும் கல்லிலும் கொடுத்தவரிடம், ‘உனக்குன்னு ஒரு பொழுதுபோக்கு வெச்சுக்கோ’ என்று அறிவுரை சொல்வது கேலி. அந்த வேலையில் பாதியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு சொல்லலாம்.

பணம்: கூட்டுக் கணக்கு இருக்கட்டும். ஆனால் இருவருக்கும் தன் பெயரில் ஒரு கணக்கும், அதில் கேள்வி கேட்கப்படாத ஒரு சிறு தொகையும் இருக்கட்டும். தோழி மகளுக்கு வளையல் வாங்க விளக்கம் கொடுக்க வேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது.

நட்பு: கல்யாணத்துக்கு முன்பிருந்த நண்பர்களைக் கல்யாண ஆல்பத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஜோடியாகப் போகும் வீடுகள் வேறு, தனியாகப் போகும் வீடுகள் வேறு.

விட்டுக்கொடுத்தல்: இது இல்லாத குடும்பம் கிடையாது. குழந்தைக்காக வேலையை விடுகிறவர், அம்மாவின் டயாலிசிஸுக்காக வெளிநாட்டு வாய்ப்பை மறுக்கிறவர் தன்னை இழந்துவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து, வாய்விட்டுச் சொல்லி, வாங்கிக்கொள்பவரும் அதை உணர்ந்திருந்தால் அது அன்பு. பேச்சே இல்லாமல் கொடுத்தது, பேச்சே இல்லாமல் வாங்கியது, இரண்டும் பின்னாளில் கசக்கும்.

மறுப்பு: “இல்லை, எனக்கு இது வேண்டாம்” என்று உங்கள் வீட்டில் ஒருவர் சொன்னால் அடுத்த ஒரு மணி நேரம் என்ன நடக்கிறது? கொஞ்சம் முகம் வாடும், இரண்டு வார்த்தை தடிக்கும், பிறகு காபி வரும் என்றால் கவலையில்லை. மூன்று நாள் பேச்சு நின்றுபோகும் என்றால் யோசிக்க வேண்டும். கை ஓங்கப்படும், கதவு பூட்டப்படும் என்று பயமிருந்தால் அதற்கு அன்பு என்ற பெயரே பொருந்தாது. அது குடும்ப வன்முறை. 2005-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பெண்கள் 181 என்ற உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

எவ்வளவு நேசிக்கிறோம் என்பதற்கு நாம் வழக்கமாகப் பார்ப்பது, எத்தனை விட்டுக்கொடுத்தோம் என்ற பட்டியலைத்தான். மறுப்பையும் அதே பட்டியலில் சேர்த்துப் பாருங்கள். கிளாரா தன் குறையை எழுதியது கணவர் படிக்கும் டைரியில். முத்துலட்சுமி கேட்டது மாலை மாற்றும் முன்பு. இருவருமே உறவை முறிக்கப் பேசவில்லை. அதில் நீடித்து வாழப் பேசினார்கள். ‘உங்களுக்கு எதுவோ, எனக்கும் அதுவே’ என்பதைச் சொல்லப் பெரிய காதல் தேவையில்லை, பழக்கம் போதும். ‘உங்களுக்கு அது, எனக்கு இது’ என்று சொல்லிவிட்டு அதே மேஜையில் சிரித்துக்கொண்டே சாப்பிடுவதற்குத்தான் உறவின் மேல் நிஜமான நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையைக் கேட்டு வாங்குவது ஒருவர் பொறுப்பு. அதைத் தயங்காமல் கொடுப்பது மற்றவர் பொறுப்பு. எந்த வீட்டிலும் இந்த இரண்டு வேலையும் ஒரே ஆளுக்கு நிரந்தரமாக எழுதிவைக்கப்படவில்லை.